மூன்று ஹோஸ்ட், பதினான்கு மெஷின்: நூற்பாலை ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸுடன் மூன்றரை ஆண்டு

கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலைக்கு 2022 ஜூலையில் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 7.2 போட்டுக் கொடுத்தேன். ஒரு சர்வருக்குள் (ஹோஸ்ட்) பல மெய்நிகர் கணினிகளை (மெஷின்) ஓட்டும் மென்பொருள் அது. இன்றுவரை அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போட்ட வாரத்திலேயே எழுதியிருந்தால் திரை எப்படி இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஒரு மெஷினை உருவாக்கலாம் என்றெல்லாம் எழுதியிருப்பேன். இப்போது அவையெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஒரு ஹோஸ்ட் படுத்த நாளில் என்ன ஆனது, மூன்றும் சேர்ந்து படுத்த நாளில் என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் போனபோது அங்கே ஒன்பது தனித்தனி சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டேலிக்கு ஒன்று, நிறுவன நிர்வாக மென்பொருளான இஆர்பிக்கு ஒன்று, வருகைப்பதிவுக்கு ஒன்று என்று வருடா வருடம் வாங்கிச் சேர்த்தவை. ஃபேன் முழுக்கப் பஞ்சுத் தூசி. எதையும் வாங்கச் சொல்லாமல் முதல் இரண்டு வாரம் அளந்து மட்டும் பார்த்தேன். சராசரி சிபியு பயன்பாடு 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. ரேம் மட்டும் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மாதக் கடைசியில் டிஸ்க் திணறியது. பணத்தை எதில் போட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று ஹோஸ்ட் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் ஒரே சாக்கெட் (பிராசஸர் பொருத்தும் இடம்), 16 கோர், 128 ஜிபி ரேம். இரண்டு சாக்கெட் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உரிமச் செலவு. ப்ராக்ஸ்மாக்ஸ் சந்தாவை சாக்கெட் கணக்கில் வாங்க வேண்டும். விண்டோஸ் சர்வருக்குக் கோர் கணக்கு, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். ஸ்டாண்டர்டு பதிப்பில் ஹோஸ்டின் எல்லாக் கோருக்கும் ஒருமுறை வாங்கினால் இரண்டு விண்டோஸ் மெஷின் ஓட்டலாம். எங்களிடம் விண்டோஸ் மெஷின் ஆறு. ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மீதி இரண்டில் மும்மூன்று ஓடும். அதனால் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் இரண்டு முறை வாங்க வேண்டும். மெஷின் இன்று எங்கே ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்து உரிமம் வாங்கியவர்கள் தணிக்கையின்போது சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ரேமுக்கும் இதே கணக்குதான். மூன்றும் சேர்ந்து 384 ஜிபி. ஒன்று போனால் 256. இதுவரை சரியாகத்தான் போட்டேன். டிஸ்குகளை நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் தன் கேஷுக்கு (அடிக்கடி படிப்பதைக் கைவசம் வைத்துக்கொள்ள) எடுத்துக்கொள்ளும் ரேமை மட்டும் விட்டுவிட்டேன். அப்போதைய பதிப்பில் இயல்பு வரம்பே ஹோஸ்ட் ரேமில் பாதி, அதாவது 64 ஜிபி. தேவைப்படும்போது அது விட்டுக்கொடுக்கும், ஆனால் உடனே விட்டுக்கொடுப்பதில்லை. முதல் முறை ஒரு ஹோஸ்டின் மெஷின்களை நகர்த்தி அதைக் காலி செய்தபோது மற்றொன்றில் ஒரு மெஷின் ரேம் போதாமல் செத்தது. அதன்பின் வரம்பை 16 ஜிபி என்று கையால் எழுதி வைத்தேன். 8.1 முதல் புதிதாக நிறுவும்போதே இது ரேமில் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 16 ஜிபி என்று அமைந்துவிடுகிறது. பழைய நிறுவலை அப்கிரேடு செய்தால் அது தானாக மாறாது. இப்போது எல்லா மெஷினுக்கும் சேர்த்து 200 ஜிபிக்கு மேல் கொடுப்பதில்லை என்பது எங்கள் கோடு. இஆர்பி ஆட்கள் கூடுதலாகக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எழுதிய தாளைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

மூன்றாவது ஹோஸ்ட் வந்துசேர இரண்டு மாதம் தாமதமானது. அதுவரை இரண்டை வைத்தே க்ளஸ்டர் (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் ஹோஸ்டுகள்) ஓட்டினேன். ஒருநாள் பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்தினேன். மற்றதில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஓடின, ஆனால் நின்றிருந்த ஒன்றைத் தொடங்க முடியவில்லை. இரண்டில் ஒன்று பெரும்பான்மை ஆகாதே! ஹோஸ்டுக்கு ஒரு ஓட்டு; பெரும்பான்மை இல்லாவிட்டால் க்ளஸ்டர் தன் அமைப்புகளை மாற்றவிடாமல் பூட்டிக்கொள்ளும். பழைய பிசி ஒன்றை மூன்றாவது ஓட்டாக, கியூடிவைஸாக, அன்று சாயங்காலமே சேர்த்தேன். இரண்டு ஹோஸ்ட் போதும் என்று யாராவது கேட்டால், அந்த மூன்றாவது ஓட்டுக்கு என்ன வழி என்று நான் திருப்பிக் கேட்பது அன்றிலிருந்துதான்.

ஸ்டோரேஜுக்கு, எல்லா ஹோஸ்டின் டிஸ்குகளையும் ஒன்றாகச் சேர்க்கும் செஃப் போடவில்லை. மூன்றே ஹோஸ்ட், 1 கிக் (நொடிக்கு 1 ஜிகாபிட்) நெட்வொர்க் என்றால் அது பொருந்தாது. அதற்குப் பதில், மெஷின்களின் டிஸ்கை மற்ற ஹோஸ்டுக்கு அனுப்பும் இசட்எஃப்எஸ் நகலெடுப்பு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. ஹோஸ்ட் திடீரென்று செத்தால் கடைசி 15 நிமிட வேலை போகலாம். இதை நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். டேட்டாபேஸுக்கு மட்டும் அதன் சொந்த நகலெடுப்பு தனியாக ஓடுகிறது. 2023-இல் ஒரு மதர்போர்டு போனபோது இரண்டு நிமிடம் போல நின்று எல்லாம் பக்கத்து ஹோஸ்டில் எழுந்தன. மில்லில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை.

மூன்றும் சேர்ந்து படுத்தது 2024 ஏப்ரலில், ஒரு ஞாயிறு இரவு. கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. யூபிஎஸ் 20 நிமிடம் தாங்கியது, ஹோஸ்டுகள் முறைப்படி நின்றன. அதுவரை நல்லது. கரண்ட் வந்து எழுந்தபோதுதான் என் திட்டத்திலிருந்த ஓட்டை தெரிந்தது. ஹோஸ்டுகளுக்கு நேரமும் பெயர்த் தேடலும் (பெயரை ஐபி எண்ணாக மாற்றுவது) டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து, அதாவது நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வரிடமிருந்து, வரும்படி வைத்திருந்தேன். அந்தக் கன்ட்ரோலரோ அதே ஹோஸ்டுகளின்மேல் ஓடும் மெஷின். பேக்அப் சர்வரைப் பெயரால் சேர்த்திருந்ததால் அதுவும் தொங்கியது. டேட்டாபேஸுக்கு முன்பே எழுந்த இஆர்பி, தேடிப் பார்த்துவிட்டு நின்றுபோனது. திங்கள் காலை ஆறு மணிக்கு ஸ்டோரிலிருந்து போன்: “சார், பில்லே போட முடியலைங்க.”

எது முதலில் எழ வேண்டும் என்று பூட் வரிசை போட்டிருந்தேன்தான். ஆனால் ஹெச்ஏ-வில் (ஹோஸ்ட் விழுந்தால் மெஷினை வேறு ஹோஸ்டில் தானாக எழுப்பும் வசதி) சேர்த்த மெஷின்கள் அந்த வரிசையைப் பின்பற்றாது. கையேட்டில் ஒரே வரியாக இருக்கும் இதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு. இப்போது இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களும் ஹெச்ஏ-வுக்கு வெளியே, வெவ்வேறு ஹோஸ்டில் இருக்கின்றன. ஹோஸ்டுகள் நேரத்தை ரூட்டரிடமிருந்து எடுக்கின்றன, பேக்அப் சர்வரை ஐபி எண்ணால் அழைக்கின்றன. இஆர்பி சர்வீஸ் டேட்டாபேஸ் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயலும். வருடம் இருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி எழுப்பிப் பார்க்கிறோம்.

பேக்அப்புக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்அப் சர்வர், டொமைனில் சேராத தனிப் பெட்டி. ஹோஸ்டுகளுக்கு அங்கே எழுத உரிமை உண்டு, அழிக்க உரிமை கிடையாது. மாறிய பகுதிகளை மட்டும் எடுப்பதால் தினசரி பேக்அப் சில நிமிடங்களில் முடிகிறது. அந்த வேகத்தில் நான் ஏமாந்திருந்தேன். முதல் ரீஸ்டோர் சோதனையில் 1 டிபி மெஷின் திரும்ப வர மூன்று மணி நேரம் ஆனது. 1 கிக் இணைப்பில் நொடிக்கு 110 எம்பி போல என்று வைத்தாலே இரண்டரை மணி ஆகும். கணக்கு முன்பே என் கையில்தான் இருந்தது. பேக்அப் பெட்டிக்கு 10 கிக் இணைப்பு வாங்கினோம், 40 நிமிடத்துக்கு வந்தது.

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், இதே வகை மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியபின் வேறு இரண்டு வாடிக்கையாளர்களையும் ப்ராக்ஸ்மாக்ஸுக்குக் கொண்டுவந்தேன். 8.2-இல் வந்த இறக்குமதி வசதி நன்றாக வேலை செய்தது. விண்டோஸ் மெஷினை மட்டும் முதலில் சாட்டா டிஸ்காக எழுப்பி, மெய்நிகர் டிஸ்குக்கான விர்ட்ஐஓ டிரைவரைப் போட்டபின் அதற்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் நீலத் திரைதான். சுமையைத் தானாகப் பகிர்ந்து நகர்த்தும் விஎம்வேர் டிஆர்எஸ் போன்ற வசதி நான் ஓட்டும் பதிப்பில் இல்லை. ஐம்பது ஹோஸ்ட் வைத்திருப்பவருக்கு அது பெரிய குறை. மூன்றுக்கு நான் கையாலேயே நகர்த்திக்கொள்கிறேன்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு மெஷினைத் தனி நெட்வொர்க்கில் ரீஸ்டோர் செய்கிறேன். சரி பார்ப்பது நானில்லை, கணக்குப் பிரிவு அண்ணன். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, நேத்து சாயங்காலம் போட்ட கடைசி பில் இருக்குதுங்களா?” அதை அவரே திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த மாதத்துச் சோதனை முடிந்ததாக எழுதுகிறேன்.

8-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2026 ஆகஸ்டில் முடிகிறது. பொங்கலுக்கு ஆலை நிற்கும் நாட்களில், ஹோஸ்டுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து 9-க்கு மாற்றப் போகிறேன். எந்த மெஷின்கள் ஒரே ஹோஸ்டில் இருக்கக் கூடாது என்று ஹெச்ஏ-விலேயே விதி எழுதும் வசதி அதில் வந்திருக்கிறது. முதல் விதியாக இஆர்பியின் இரண்டு டேட்டாபேஸ் மெஷின்களைப் பிரித்து வைப்பதாக இருக்கிறேன்.