பிளாக் பெல்ட்டுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பிள்ளையைக் கராத்தே கிளாஸில் சேர்த்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "அடுத்த மாசம் பிளாக் பெல்ட் டெஸ்ட், ஃபீஸ் ரெடி பண்ணிக்கோங்க" என்று மாஸ்டரிடமிருந்து வாட்ஸ்அப் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் கண்டிப்பாகப் படியுங்கள். அந்த ஒரு டெஸ்ட்டுக்கு எங்களிடம் ₹16,000 வாங்கினார்கள். கொடுத்த சான்றிதழை விழா நடந்த மண்டபத்துக்கு வெளியே யாரும் மதிக்கவில்லை.

என் மகள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மாதம் ₹700. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மஞ்சள் பெல்ட், அதற்கு ₹900. பிறகு மஞ்சளிலேயே ஒரு கோடு. அதற்குத் தனி டெஸ்ட், தனி ஃபீஸ். அப்புறம் ஆரஞ்சு, ஆரஞ்சில் கோடு, பச்சை. நிறம் ஏற ஏற கட்டணமும் ஏறியது. பச்சை வாங்கிய பிறகு மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், பாப்பாவுக்கு நல்ல டேலண்ட் இருக்கு. டபுள் ப்ரமோஷன் போட்டுடலாம். ரெண்டு டெஸ்ட் ஃபீஸையும் சேர்த்துக் கட்டிடுங்க." நீலத்தைத் தாண்டி ஒரேயடியாக பிரவுன். பிள்ளையைப் புகழ்ந்து பேசும்போது பெற்றவர்கள் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் இடுப்பில் கறுப்பு பெல்ட் ஏறிவிட்டது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் பிளெக்ஸ், மேடையில் கவுன்சிலர், சினிமாப் பாட்டு. பிள்ளைகள் வரிசையாக வந்து ஓடு உடைத்தார்கள். பெரிய பையன்கள் சிலரின் கைவிரல்கள் மேல் பைக்கை ஏற்றி இறக்கினார்கள். அதைப் பார்த்ததும் நான் எழுந்துபோய் என் மகளை வரிசையிலிருந்து கூட்டி வந்துவிட்டேன். வளரும் வயதில் எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. அங்கே அடிபட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளர வாய்ப்பு உண்டு. கியோகுஷின் போன்ற சில பாணிகளில் பலகை, ஓடு உடைக்கும் பழக்கம் இருக்கிறதுதான். ஆனால் எங்கள் கிளாஸ் போர்டில் எழுதியிருந்தது ஷோடோகான். அந்தப் பாணியில் தேர்வு என்பது அடிப்படை அடிகளும் தடுப்புகளும், கட்டா (வரிசையாகச் செய்து காட்டும் அசைவுத் தொகுப்பு), குமிதே (இருவர் மோதும் சண்டை) இந்த மூன்றும்தான். அன்று மேடையில் கட்டாவும் இல்லை, குமிதேவும் இல்லை. ஓடு உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பெல்ட் கட்டினார்கள்.

என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. அங்கே வேறு கிளாஸில் சேர்க்கப் போனோம். அந்த மாஸ்டர் பெல்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "ஹெயான் நிதான் பண்ணும்மா" என்று ஒரு கட்டாவின் பெயரைச் சொன்னார். இவள் விழித்தாள். "சரி, ஷோதான் பண்ணு" என்றார். இடது பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு அடி முன்னே வைத்துக் குத்து, வலது பக்கம் திரும்பி மறுபடி தடுப்பு. அதுவரை வந்தது. அதற்கு மேல் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். 21 அசைவுகள் கொண்ட அந்த ஹெயான் ஷோதான், ஷோடோகானில் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் கட்டா. மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பெல்ட் முடிச்சைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். பணம் போனதைக்கூட விடுகிறேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையை இப்படி நிற்க வைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சான்றிதழைக் கொண்டு வந்து காட்டச் சொன்னார். தடித்த தாள், தங்க முத்திரை, ஏழெட்டு லோகோ, ஓரத்தில் ஒலிம்பிக் வளையங்கள், ஜப்பானிய எழுத்தில் நாலைந்து வரி. "உலகத் தலைவர்" என்ற இடத்தில் இருந்த கையெழுத்து பேனாவால் போட்டதே இல்லை, தாளோடு அச்சடித்தது. அதே விழாவில் பெல்ட் வாங்கிய இன்னொரு பிள்ளையின் அம்மாவிடம் அவர்கள் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பதிவு எண் என்று இரண்டிலும் ஒரே எண்!

அதன்பின் அந்தத் திருச்சி மாஸ்டர் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததையும், நானாகத் தேடிப் படித்ததையும் சொல்கிறேன். இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் எங்களிடம் யாரும் ஒரு ரூபாய்கூட ஏமாற்றியிருக்க முடியாது.

கராத்தேயில் இரண்டு படிவரிசை உண்டு. கறுப்புக்கு முன்னால் வருவது க்யூ. அது மேலிருந்து கீழே எண்ணப்படும்: பத்தாவது க்யூவில் தொடங்கி ஒன்றாவது க்யூவில் முடியும். அதற்குப் பிறகு டான், அது ஒன்றிலிருந்து மேலே போகும். கறுப்பு பெல்ட் என்பது அந்த இரண்டாவது வரிசையின் முதல் படி மட்டுமே. இந்த டான் முறை ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1880-களில் கொண்டுவந்தது. ஒகினாவாவிலிருந்து டோக்கியோ போய்க் கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி 1924-ல்தான் தன் மாணவர்களுக்கு முதல்முறையாக டான் கொடுத்தார். இத்தனை வண்ண பெல்ட்டுகள் பழங்காலத்திலிருந்தே வருபவை என்று சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

நிறத்துக்கு உலகம் முழுக்க ஒரே அர்த்தமும் கிடையாது. கியோகுஷினில் வெள்ளைக்கு அடுத்து ஆரஞ்சு, பிறகு நீலம், அதற்குப் பிறகுதான் மஞ்சள். ஷோடோகான் கிளாஸ்கள் பலவற்றில் மஞ்சள் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதனால் "என்ன கலர்" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. எந்தப் பாணி, எத்தனையாவது க்யூ, அந்த க்யூவுக்கு எந்தக் கட்டா என்று கேளுங்கள். ஷோடோகானில் ஹெயான் என்ற பெயரில் ஐந்து கட்டாக்கள், அதன்பின் குதிரை நிலையில் பக்கவாட்டிலேயே நகரும் தெக்கி ஷோதான். ஷிடோ ரியூ, வாடோ ரியூ என்ற பாணிகளில் அதே ஐந்துக்குப் பினான் என்று பெயர். கோஜு ரியூ பாணியில் கெகிசாய், சான்சின் என்ற கட்டாக்கள். பிரவுன் பெல்ட் போட்டிருக்கும் பிள்ளையால் தன் பாணியின் கட்டாக்களைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து காட்ட முடியாவிட்டால், அந்த பெல்ட் கடையில் வாங்கியதற்குச் சமம். இதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்குக் கராத்தே தெரிய வேண்டியதில்லை. வீட்டு ஹாலில் செய்யச் சொல்லிவிட்டு, அதே பெயரை யூடியூபில் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரவுனிலும் பொதுவாக மூன்று படிகள் உண்டு: மூன்றாவது, இரண்டாவது, ஒன்றாவது க்யூ. ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஒழுங்காக வருகிற பிள்ளைக்கே கறுப்புக்குப் போகச் சில வருடங்கள் ஆகும். டபுள் ப்ரமோஷனில் இந்தப் படிகளெல்லாம் பணமாக மாறிவிடுகின்றன.

கொரியாவின் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. டான் சான்றிதழை சியோலில் உள்ள அதன் தலைமையகமான குக்கிவோன் கொடுக்கிறது, எண்ணை அதன் தளத்திலேயே சரிபார்க்கலாம், 15 வயது ஆகாத பிள்ளைகளுக்கு டானுக்குப் பதிலாகப் பூம் என்று தனித் தரம். கராத்தேயில் அப்படி ஒரே இடம் இல்லை. உலகக் கராத்தே கூட்டமைப்பு போட்டிகளை நடத்தும் அமைப்பு. உங்கள் பிள்ளையின் மஞ்சள் பெல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெல்ட் கொடுப்பது அந்தந்தப் பாணியின் சங்கம். யார் வேண்டுமானாலும் பெயருக்கு முன்னால் "இன்டர்நேஷனல்" போட்டுச் சங்கம் பதிவு செய்யலாம் என்பதால்தான் இவ்வளவு ஏமாற்று வேலை. சங்கப் பதிவு எண்ணைக் காட்டி "கவர்ன்மென்ட் அங்கீகாரம்" என்பார்கள். சங்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதற்கு மட்டும்தான் அது சான்று. ஒரு காலத்தில் இருந்த அங்கீகாரமும் அப்படியே நிலைத்திருக்காது. நாட்டின் கராத்தே சங்கத்துக்கு இருந்த அங்கீகாரத்தையே உலகக் கூட்டமைப்பு 2020-ல் நிறுத்தி வைத்தது. எனவே யார் அங்கீகரித்தது, எந்த வருடம், இன்றும் இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள்.

டெஸ்ட்டுக்குக் கட்டணம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உண்மையான சங்கங்களும் டான் பதிவுக்குத் தலைமையகத்துக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். திருச்சி மாஸ்டரும் வாங்குகிறார். ஆனால் எந்த க்யூவுக்கு என்ன பாடம், எவ்வளவு கட்டணம் என்று அச்சடித்த தாளைச் சேரும் அன்றே கொடுத்துவிடுகிறார், ரசீதும் உண்டு. சரியாகச் செய்யாத பிள்ளைகளை ஃபெயிலும் ஆக்குகிறார். பழைய கிளாஸில் நாங்கள் இருந்தவரை ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை.

மெடலையும் சொல்லிவிடுகிறேன். கராத்தேயில் வெண்கலம் இரண்டு பேருக்கு. உள்ளூர் "நேஷனல்" போட்டிகள் சிலவற்றில் நாலு நாலு பிள்ளைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம். நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லோருக்கும் மெடல்! என் மகளின் மெடல்களில் பாதி இப்படி வந்தவை. "காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு யூஸ் ஆகும் மேடம்" என்று சொல்லித்தான் பழைய மாஸ்டர் கட்ட வைத்தார். கோட்டாவுக்குக் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ். பெல்ட் நிறத்தை யாரும் கேட்பதில்லை. உலகக் கூட்டமைப்பின் போட்டிகளில்கூட குமிதேயில் ஒருவர் சிவப்பு பெல்ட், எதிராளி நீல பெல்ட். போட்டியாளர்களைப் பிரிப்பது வயதையும் எடையையும் வைத்து, பெல்ட் நிறத்தை வைத்து அல்ல.

மகள் இப்போது திருச்சியில் வெள்ளை பெல்ட்டோடு பயிற்சி செய்கிறாள். முதல் வாரம் போகமாட்டேன் என்று அழுதாள். அந்த மாஸ்டர் அவளை எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை, அதனால்தான் தொடர்ந்து போகிறாள்.

பழைய மாஸ்டரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சர்டிபிகேட் குடுத்தாச்சே மேடம்" என்று சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அது நிலுவையில் இருப்பதால் கிளாஸின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் மெசேஜ், விழா அழைப்பிதழ், சான்றிதழின் இரண்டு பக்கமும் என எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம். மனு என்றால் பிரச்சினை நடந்த 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ₹5 லட்சம் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஒரே பதிவு எண் போட்ட சான்றிதழ் வைத்திருக்கும் பெற்றோர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. நாங்கள் அப்படித்தான் போனோம்.