கருமணலில் தங்கத்தூள்: பாதரசமா, வெண்காரமா?

தங்கம் தண்ணீரைவிடச் சுமார் 19 மடங்கு கனம், கருமணலில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது 5 மடங்கு. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் மாவுபோன்ற தங்கம் தட்டில் அரிக்கும்போது மணலோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். காய்ந்தபின் காந்தத்தை ஓட்டினால் மேக்னடைட் போய்விடும். மற்ற கருமணல் அப்படியே கிடக்கும்.

இங்கேதான் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் பாதரசம் ஆசைகாட்டும். கலந்து பிசைந்து, துணியில் பிழிந்து, சூடாக்கினால் வேலை முடிந்தது. ஆனால் 357 டிகிரியில் கொதித்துப் போகும் பாதரசம் எங்கே போகிறது? ஊதுகிறவரின் நுரையீரலுக்கும், அடுப்பங்கரையில் செய்தால் பிள்ளைகளுக்கும்தான். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலையில் சிறு சுரங்கத்தார் வேறு வழி வைத்திருக்கிறார்கள்: வெண்காரம் (போராக்ஸ்). நம் பத்தர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துவதேதான். மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) மணலோடு உருக்கினால் கசடு கண்ணாடிபோல் மேலே நிற்கும், தங்கம் அடியில் இறங்கும். விலையும் மலிவு. ஒரே சிக்கல், முன்பே நன்றாக அரித்து மணலைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்திருக்க வேண்டும். கை பழகாதவருக்கு அது அரைநாள் வேலை. எனக்கு அந்த அரைநாள் பரவாயில்லை.