திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி காலேஜ், நம்ம பக்கத்து ஆளுங்க ஒருக்கா போய் பாக்கணும்

களியக்காவிளை, பாறசாலை பக்கம் நமக்கெல்லாம் திருவனந்தபுரம்னா சாலை பஜாரும் மெடிக்கல் காலேஜும்தான், ஆனா பாளையத்துல இருக்க இந்த காலேஜையும் பாத்துட்டு வாங்க. 1834ல சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துல சின்ன இங்கிலீஷ் ஸ்கூலா ஆரம்பிச்சது, அத நடத்த வந்த ஜான் ராபர்ட்ஸ் நம்ம நாகர்கோவில்ல ஸ்கூல் நடத்திட்டு இருந்தவரு. 1866ல காலேஜ் ஆகி மெட்ராஸ் யூனிவர்சிட்டியோட சேந்துச்சு, 1937ல திருவிதாங்கூருக்குன்னே தனி யூனிவர்சிட்டி வந்தப்போ அதுக்குள்ள போச்சு, அதுதான் இப்போ கேரளா யூனிவர்சிட்டி.

எனக்கு ரொம்ப பெருமையா இருக்க விஷயம் வேற. தமிழ்த்தாய் வாழ்த்து எழுதின மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இங்கதான் தத்துவம் சொல்லிக்குடுத்தாரு. தினமும் ஸ்கூல்ல பாடுறோம், அந்த மனுசன் நடந்த வராந்தா நம்ம ஊருல இருந்து ஒரு பஸ் தூரத்துலதான் இருக்குன்னு எத்தன பிள்ளைங்களுக்கு தெரியும்?

செவப்பு செங்கல் கட்டடம், பாத்தாலே மனசு நெறையும். தம்பானூர்ல எறங்கி பாளையம் பஸ் புடிங்க, ரோட்டுல டிராஃபிக் சத்தம் ஜாஸ்தி. கேட்ல கேட்டுட்டு உள்ள போங்க, கிளாஸ் நடக்குற நேரம் வேண்டாம். பிள்ளைங்களையும் கூட்டிட்டு போங்க.