போடி இலவம்பஞ்சுத் தலையணை: வாங்கும்முன் கவனிக்க

தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்தும், வியர்த்துப்போய் நடுராத்திரியில் விழிக்கிறவர்கள் முதலில் ஃபோம் தலையணையை மாற்றிப் பார்க்க வேண்டும். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுத் தலையணை அதற்கு நல்ல மாற்று. இழையின் உள்ளே குழல்போல் வெற்றிடம். மேலே மெழுகுப் பூச்சு. அதனால் எடை குறைவு, ஈரத்தை எளிதில் உறிஞ்சாது, சூட்டையும் ஃபோம் அளவுக்குப் பிடித்து வைக்காது.

ஏமாறும் இடம் கலப்படம்தான். தையலைக் கொஞ்சம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இளமஞ்சள் நிறமும் பட்டுப் பளபளப்பும் இருக்க வேண்டும். கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். வெளுத்த கழிவுப்பஞ்சு நனைந்து அமிழும். விதை நெருடினால் வேண்டாம்.

பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி நிரம்பும் உயரம் தேவை. மல்லாந்து படுப்பவர்கள் பஞ்சைக் குறைத்துத் தைக்கச் சொல்லலாம்.

பெரிய குறை, நாளடைவில் நடுவில் பள்ளம் விழுவது. இழைக்கு மீள்திறன் குறைவு. வாரம் ஒருமுறை வெயிலில் போட்டு, இருபுறமும் தட்டிவிட்டால் உப்பும். துவைத்தால் கட்டிதட்டிவிடும், உறையை மட்டும் துவையுங்கள். பழைய பஞ்சு நொறுங்கித் தூசியாகும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.