"மதர்போர்டு போச்சு" என்று சொன்னால் உடனே பணத்தை நீட்டாதீர்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு பழைய டெஸ்க்டாப்பை நம்பித்தான் பிழைக்கிறார். பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. ஏரியாவில் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சும்மா, சிப் லெவல் வேலை, 4,500 ஆகும்" என்றார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்த மெஷின் ஓடியது, ஆனால் ஒரே இழுவை. மழைக்காலத்தில் மறுபடியும் அதே கோளாறு. இந்த முறை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வேலை பார்க்கும் நண்பரைக் கூட்டிப்போனேன். பக்கத் தகட்டைக் கழற்றியதும் அவர் காட்டியது போர்டின் திருகுகளைத்தான். சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சிப்புகளையே சரிசெய்வது என்றால் போர்டை வெளியே எடுத்தாக வேண்டும். இங்கே திருகுத் தலைகளின் பள்ளத்தில் பல வருடத் தூசி கெட்டியாக அடைத்துக் கிடக்கிறது, ஸ்க்ரூடிரைவர் பட்ட அடையாளமே இல்லை. அப்புறம் ராம், அதாவது போர்டில் செருகும் நினைவகப் பட்டை. 4 ஜிபி இரண்டு போட்டிருந்தோம், வாங்கிய பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. இப்போது ஒரு ஸ்லாட் காலி! வேலையே செய்யாமல் காசு வாங்கியது போதாதென்று பொருளையும் எடுத்திருக்கிறார்கள்.

நண்பர் மிச்சமிருந்த ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'டக்' என்று உட்காரும்வரை அமுக்கினார். டிஸ்பிளே வந்துவிட்டது. ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து கால்களில் படலம் படிந்தால் இப்படி ஆவது ரொம்பச் சகஜமாம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம், ஆனால் முதலில் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினெட் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். போர்டில் ஸ்பீக்கர் இருந்தால் ராம் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் சத்தம் வந்தால் போர்டு செத்துவிடவில்லை. ஃபேனே சுற்றவில்லை என்றால் பவர் கார்டையும், உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் உள்பக்கத்தையும் ராம் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; டிஸ்பிளே வராத கோளாறைப் பார்க்க அது தேவையே இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் வரையான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அக்கா அங்கேயும் போகத் தயாராக இருக்கிறார்.