போஹும் சுரங்க அருங்காட்சியகம்: லாங்வாலை நேரில் புரிந்துகொள்ள

ஜெர்மனியின் போஹும் நகரில் 1930-ல் தொடங்கிய சுரங்க அருங்காட்சியகத்துக்கு அடியில், சுமார் 20 மீட்டர் ஆழத்தில் ஒரு காட்சிச் சுரங்கம் உண்டு. இங்கே கரி வெட்டியதே இல்லை, பார்வையாளர்களுக்காகவே தோண்டியது. ஆனால் உள்ளே நிற்கும் இயந்திரங்கள் அசல்.

நீண்ட நிலக்கரிச் சுவரை அதன் நீளம் முழுக்கச் சீவியெடுக்கும் முறையே லாங்வால். அந்தப் பகுதிதான் இதன் உயிர். கரிச்சுவர், அதை வெட்டும் ஷியரர், அடியில் சங்கிலிக் கன்வேயர், கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் ஷீல்டுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஷியரர் கடந்ததும் ஷீல்டு சற்றே இறங்கி, முன்னே நகர்ந்து, மறுபடி கூரையில் இறுகும். பிறகு கன்வேயரைத் தள்ளும். ஷீல்டு தாமதித்தால் அதன் நுனிக்கும் சுவருக்கும் இடையே தாங்கலற்ற கூரை சரியும். வரிசை கோணினால் கன்வேயர் வளைந்து, சங்கிலிக்குச் சுமை ஏறும். ஷீல்டின் அடியில் உள்ள தள்ளு சிலிண்டரைக் குனிந்து பாருங்கள், முழு இயக்கமும் அதில்தான்.

குறை, அளவு. உண்மையான சுவர் 200 மீட்டருக்கு மேல் நீளும். இரு முனைகளிலும் சுரங்கப்பாதைகள், ஒன்றில் புதுக்காற்றும் மற்றதில் திரும்பும் காற்றும். இங்கே சிறு துண்டுதான். ஷீல்டுகளுக்குப் பின்னால் கூரை இடிந்து நிரம்பும் வெற்றிடத்தையும் காண முடியாது. போகுமுன் ஒரு பேனலின், அதாவது இப்படி வெட்டியெடுக்கும் ஒரு கரிப்பகுதியின், வரைபடத்தைப் படித்துவிடுங்கள்.

ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018-ல் மூடப்பட்டபின், இந்த இயந்திரங்களை இப்படி நெருங்கிப் பார்க்கக் கிடைப்பது பெரும் வாய்ப்பு. கோட் அவசியம், கீழே குளிரும்.