தண்டுவட ஆஸ்பெர்ஜில்லஸ்: ஆம்போடெரிசினா, வோரிகோனசோலா?

முதுகெலும்பை அரித்துத் தண்டுவடத்தை நெருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்றுக்கு ஆம்போடெரிசின் பி, வோரிகோனசோல் ஆகிய இரு பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வார்டில் எழுந்தபோது நான் வோரிகோனசோலைத் தேர்ந்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும். கால்கள் செயலிழந்து வந்தால் முதலில் அறுவை சிகிச்சை என்பது எல்லோரும் அறிந்ததே.

ஆம்போடெரிசினின் பலம் அதன் வீச்சு. வோரிகோனசோலுக்கு மசியாத மியூக்கர் வகைப் பூஞ்சைகளையும் அது அடக்கும் என்பதால், பூஞ்சை இன்னதென்று தெரியும்வரை, கொழுப்புக் குமிழிகளில் அடைத்த லிப்போசோமல் வடிவத்தில் தொடங்குவோரை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய வடிவமோ உப்புக் கரைசலில் கலந்தால் திரிந்துவிடும்; 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து மணிக்கணக்கில் ஏற்றும்போது நோயாளி கட்டில் அதிர நடுங்குவார், சில நாள்களில் சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும், பொட்டாசியம் இறங்கும். 2002இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் 12 வாரங்களுக்குப் பின் உயிருடன் இருந்தோர் வோரிகோனசோல் பிரிவில் 70.8 சதவீதம், பழைய ஆம்போடெரிசின் பிரிவில் 57.9 சதவீதம். அந்த ஆய்வில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் நுரையீரல் தொற்று உடையவர்கள். ஆகவே அந்த எண்களைத் தண்டுவடத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையை நடத்திச் செல்லும் பாடுதான். வோரிகோனசோல் மூளைத் தண்டுவட நீரில் நன்றாக இறங்குகிறது. வீட்டிலிருந்தே மாத்திரையாக, உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிச் சாப்பிடலாம். ஆயினும் மாத்திரைதானே என்று விட்டுவிட முடியாது. கல்லீரல் நொதி ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரே அளவு ஒருவருக்கு நஞ்சாகும், இன்னொருவருக்குப் போதாது. இரத்தத்தில் அடுத்த வேளை மருந்துக்கு முந்தைய அளவு லிட்டருக்கு 1 முதல் 5.5 மில்லிகிராமுக்குள் நிற்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து. எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பு சிதைந்திருந்தால் காசநோய் என்று மருந்தைத் தொடங்கிவிடுவது இங்கே வழக்கம். என்னிடம் வந்தவரும் நான்கு மாதம் அதைச் சாப்பிட்டிருந்தார். வேறோரிடத்தில் எடுத்த பயாப்ஸித் துண்டு முழுவதையும் கிருமிகளைக் கொன்றுவிடும் ஃபார்மலினில் போட்டுவிட்டதால் வளர்ப்புச் சோதனைக்கு எதுவும் மிஞ்சவில்லை. மறுபடி ஊசி போட்டு எடுத்ததில் பாதியை உப்புக் கரைசலில் அனுப்பிய பிறகே பூஞ்சை வளர்ந்தது. ரிஃபாம்பிசின் வோரிகோனசோலை இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும், நிறுத்திய பின்னும் அதன் தாக்கம் இரண்டு வாரம் போல நீடிக்கும். அந்த இரண்டு வாரத்துக்கு நான் ஒதுக்கிவைத்த ஆம்போடெரிசினையே, லிப்போசோமல் வடிவில், ஏற்ற வேண்டியிருந்தது. மாத்திரைக்கு மாறிய பின் இரத்தத்தில் வந்த முதல் அளவு 0.6, மாத்திரையைக் கூட்டி மறுவாரம் பார்த்தபோது 2.3.

இப்படி நான் நெடுநாள் தொடர்ந்து பார்த்தவர்கள் மூவர்தான். அதற்குமேல் என் சாய்வுக்கு எடை கொடுக்க வேண்டாம்.